விளிம்பில் வளரும் பாண்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

மண்பாண்டத்தைப் பற்றி வானொலியில் எப்படிப் பேசுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். உங்கள் கண்ணுக்குக் காட்ட முடியாது, கையில் கொடுக்கவும் முடியாது. ஆனால் பாண்டத்தைத் தெரிந்தவர்கள் முதலில் நம்புவது காதைத்தான். தட்டிப் பார்ப்பார்கள். ஆகவே இரண்டு கிண்ணங்களை எடுத்து வந்திருக்கிறேன். இரண்டும் சக்கரத்தில் ஏறாமல் கையாலேயே உருவானவை. கேளுங்கள்.

(கிண்ணத்தை விரல் முட்டியால் தட்டும் ஒலி: கணீர்)

இது முதல் கிண்ணம். அடுத்தது இது.

(தட்டும் ஒலி: மந்தமாக)

முதல் கிண்ணத்தின் விளிம்பு ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது. வயிற்றைச் சுற்றி என் கட்டைவிரல் பதிந்த குழிகள் ஓடுகின்றன. தீ நேராகப் பட்ட பக்கம் கறுத்தும், மறுபக்கம் செங்கல் நிறத்திலும் இருக்கிறது. இரண்டாவது கிண்ணம் பார்வைக்கு வழவழப்பானது, வட்டம் பிசகாதது. அதன் அடியில் மயிரிழை போல ஒரு விரிசல் இருப்பது எனக்கே இரண்டு நாள் தெரியவில்லை. தட்டியபோதுதான் தெரிந்தது.

அந்த விரிசல் என் அவசரத்தால் வந்தது. பெரும்பாலான மண்ணில் குவார்ட்ஸ் என்ற கனிமம் கலந்திருக்கும். வெப்பம் 573 டிகிரி செல்சியஸைக் கடக்கும் இடத்தில் அது சட்டென்று விரியும். ஆறும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்கும். சூளை அந்த இடத்தை மெதுவாகத் தாண்ட வேண்டும். நான் பொறுக்காமல் கதவைத் திறந்துவிட்டேன். குளிர்ந்த காற்று உள்ளே புகுந்தது. ஒரு பக்கம் முந்திச் சுருங்க, மறுபக்கம் பிந்த, அடி விட்டுக்கொடுத்துவிட்டது.

குறையின் அழகு என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கும் அது உயிரான விஷயம். ஆனால் அந்தப் பேச்சில் இந்த இரண்டு கிண்ணங்களையும் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது. கோணல் வேறு, விரிசல் வேறு. கோணல் என்பது கையும் மண்ணும் நடத்திய பேச்சின் தடம். விரிசல், அந்தப் பேச்சு நடுவில் அறுந்த இடம். ஒழுகும் கிண்ணத்தைக் காட்டி இதுதான் இயற்கை என்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை. இயற்கையில் எந்தக் கூடும் ஒழுகுவதற்காகக் கட்டப்படுவதில்லை.

இயற்கை என்று சொன்னேன். தொடக்கத்தில் நான் அதைத் தவறாகத்தான் புரிந்துகொண்டிருந்தேன். இலையை மண்ணில் அழுத்தி நரம்பைப் பதிப்பேன். சிப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகக் கீறுவேன். ஒருநாள் என் ஆசிரியை அப்படிச் செய்த ஒரு பாண்டத்தைக் கையில் எடுத்து, நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சிப்பி எப்படி இருக்கிறது என்று பார்த்திருக்கிறாய். எப்படி வளர்கிறது என்று பார்த்தாயா?” என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

அதன்பிறகு ஒரு நத்தை ஓட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஓட்டை மெல்லச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், வாயோரத்துக்கு இணையாக மெல்லிய கோடுகள் தெரியும். நத்தை தன் ஓட்டை நடுவில் நீட்டுவதில்லை. வாயின் விளிம்பில் மட்டும் புதிதாகச் சேர்த்துக்கொண்டே போகிறது. ஒவ்வொரு கோடும் ஒரு காலத்தில் அதன் விளிம்பாக இருந்த இடம். சில கோடுகள் நெருங்கிக் கிடக்கும், சில விலகியிருக்கும். வளர்ச்சி தடைபட்ட இடத்தில் ஒரு தழும்பு போல இருக்கும். அதைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. திரி சுற்றிப் பாண்டம் எழுப்பும்போது நான் செய்வதும் அதுவேதான். மண்ணைத் திரியாக உருட்டி, விளிம்பின் மேல் ஒரு சுற்று வைத்து, கீழ்ச்சுற்றோடு தேய்த்து இணைத்து, அடுத்த சுற்று. பாண்டம் விளிம்பில் மட்டுமே வளர்கிறது. இன்று வைத்த சுற்று நாளைக்கு வயிறு, நாளை மறுநாள் அடி.

குளவிகளில் ஒன்று மண்ணாலேயே குட்டிக் குடம் கட்டும். பார்த்திருக்கிறீர்களா? நீரைக் குடித்து வந்து காய்ந்த மண்ணில் உமிழ்ந்து குழைக்கும். உருண்டையாக எடுத்துப் போய், வாயாலும் முன்காலாலும் விளிம்பில் பட்டையாக இழுத்து ஒட்டும். கடைசியில் கழுத்தைக் குறுக்கி, உதட்டை வெளிப்புறமாக மலர்த்தும். உள்ளே முட்டையும், குஞ்சுக்கு இரையாகப் புழுக்களும். வெளிப்புறம் கரடுமுரடாக, ஒவ்வொரு உருண்டையும் தெரியும்படி இருக்கும். அதைத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டிய தேவை குளவிக்கு இல்லை. சுவர் எங்கும் ஒரே கனமாக இருக்க வேண்டும், வாய் அடைபட வேண்டும். அதன் கவனம் முழுவதும் அங்கேதான்.

இப்படி வளர்த்துக் கட்டுவதில் பதம் பார்ப்பதுதான் கலையே. கீழ்ச்சுற்று மிகவும் ஈரமாக இருந்தால் மேல்சுற்றின் பாரம் தாங்காமல் தொப்பென்று உட்கார்ந்துவிடும். மிகவும் காய்ந்திருந்தால் புதுத் திரி ஒட்டாது. ஒட்டியது போல நடித்து, உலரும்போது பிரியும். அழுத்தினால் விரல் பதியக் கூடாது, நகம் மட்டும் பதிய வேண்டும். அந்தத் தோல் பதத்தில் விளிம்பைக் கீறி, மண்குழம்பு தடவி, அடுத்த திரியை வைக்கலாம். அதற்காகக் காத்திருக்கும் நேரத்தில் பாண்டம் தானாகக் கொஞ்சம் சாயும், கொஞ்சம் அமரும். அந்தச் சாய்வை நிமிர்த்துவதா, ஏற்றுக்கொண்டு மேலே போவதா என்று ஒவ்வொரு சுற்றிலும் முடிவெடுக்கிறேன்.

நிமிர்த்தினாலும் மண் மறப்பதில்லை. களிமண்ணின் துகள்கள் தட்டுத் தட்டாக இருப்பவை. அழுத்திய திசையில் அடுக்கிக்கொள்ளும். வளைத்த மண்பலகையைத் தட்டி நேராக்கிவிட்டேன் என்று நினைப்போம். சூளையிலிருந்து வரும்போது அது பழையபடி வளைந்திருக்கும்.

நைஜீரியாவின் லாடி குவாலி பெரிய குடங்களைத் திரி சுற்றியே எழுப்பியவர். குடம் சுழலாது, அவர்தான் குடத்தைச் சுற்றி நடப்பார். பல்லியும் தேளும் மீனும் அவர் குடங்களின் மேல் ஊரும். அவர் வேலை செய்யும் காட்சி அந்நாட்டின் 20 நைரா நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. ஒரு நாடு தன் பணத்தில் ஒரு குயத்தியை வைத்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஜப்பானில் 16-ஆம் நூற்றாண்டில் தேநீர் ஆசான் சென் நோ ரிக்கியூவுக்காகக் குயவர் சோஜிரோ செய்த, ராக்கு என்ற தேநீர்க் கிண்ணங்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறையாது. அவையும் சக்கரம் ஏறாதவை. உள்ளங்கைகளுக்கிடையே சுவரை எழுப்பி, பதம் வந்ததும் கத்தியால் செதுக்கி எடுத்தவை. விளிம்பு மெல்ல ஏறி இறங்கும். இரண்டு கைகளும் எங்கே சேரும், உதடு எங்கே படும் என்று யோசித்துச் செதுக்கிய ஏற்ற இறக்கம் அது. வட்டமாகச் செய்துவிட்டு, கடைசியில் கோணலாக இருக்கட்டும் என்று விளிம்பை ஒரு அமுக்கு அமுக்குவதை இன்று நிறையப் பார்க்கிறேன். அந்தக் கோணல் பாண்டத்தோடு சேராமல் தனியாகத் தெரியும். உடைந்ததை அரக்கு மரத்தின் பாலும் பொன்பொடியும் கொண்டு ஒட்டும் கின்ட்சுகி என்ற ஜப்பானிய முறையிலும் இப்படி வலிந்து செய்வதைப் பார்க்கிறேன். அந்த மரத்தின் பால் ஈரக் காற்றில் படலம் படலமாக இறுக வாரக்கணக்கில் ஆகும். அவ்வளவு பொறுமையோடு காப்பாற்றப்பட்டது என்பதால்தான் அந்தப் பொன்கோடு அழகாக இருக்கிறது. அதற்காகவே நல்ல கிண்ணத்தை உடைப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

செக் நாட்டின் டோல்னி வெஸ்டோனிட்சேயில் 1925-இல் ஒரு சுடுமண் பெண்ணுருவம் கிடைத்தது. உயரம் 11 சென்டிமீட்டர். செய்து 25,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதன் முதுகில் ஒரு விரல்ரேகை இருக்கிறது. சிறு பிள்ளையுடையது என்று ஆராய்ந்து சொல்கிறார்கள். சுடும் முன் எந்தக் குழந்தை அதைத் தொட்டதோ! அதை யாரும் ஈரத்துணியால் துடைத்துவிடாமல் இருந்தார்களே என்று நான் நன்றியோடு நினைப்பதுண்டு.

செய்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உள்ளங்கையில் அடங்கும் அளவு மண் போதும். உருண்டையாக்குங்கள். நடுவில் கட்டைவிரலை இறக்குங்கள், அடியில் அரை விரல் கனம் இருக்கட்டும். பிறகு அடியிலிருந்து மேலாக, திருப்பித் திருப்பி, மெல்லக் கிள்ளிக்கொண்டே வாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு செய்தால் கனம் எங்கே கூடியிருக்கிறது என்று விரலுக்கு நன்றாகத் தெரியும். விளிம்பு வெடிக்கத் தொடங்கினால் ஈர விரலால் ஒருமுறை தடவுங்கள், நிறைய நீர் வேண்டாம். முடிந்ததும் வெயிலில் வைத்துவிடாதீர்கள். துணியால் தளர்வாக மூடி, நிழலில், நாள்கணக்கில் ஆறவிடுங்கள். உள்ளே ஈரம் இருக்கும்போது சூளையில் வைத்தால் அந்த நீர் ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரியும். பாண்டம் வெடித்துச் சிதறும், பக்கத்தில் இருப்பவற்றையும் உடைக்கும்.

காய்ந்துவிட்டதா என்று அறிய நாங்கள் செய்யும் வழி எளியது. கிண்ணத்தைத் தூக்கிக் கன்னத்தில் ஒற்றிக்கொள்வோம். சில்லென்று இருந்தால் உள்ளே நீர் இருக்கிறது. மறுபடியும் துணியைப் போட்டு மூடிவிட்டு, இரண்டு நாள் கழித்து வந்து மீண்டும் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்.

நன்றி. வணக்கம்.