மும்பைக்குக் குடும்பத்தோடு போகிறோம், எங்கே சாப்பிடுவது?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்கிறேன். ஈரோட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்.

"மே விடுமுறைக்கு நாலு நாள் மும்பை போகிறோம். நான், கணவர், 9 வயதில் ஒரு பையன், 5 வயதில் ஒரு பெண், மாமியார். தாதரில் அறை போட்டிருக்கிறோம். மாமியாருக்குச் சர்க்கரை, முழங்கால் வலி, சுத்த சைவம். கணவருக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. போன வருஷம் வேறொரு ஊருக்குப் போனபோது, போனில் நாலரை ஸ்டார் பார்த்துப் பார்த்துப் போய் நாலு தடவை ஏமாந்தோம். நல்ல ஓட்டலை எப்படித்தான் கண்டுபிடிப்பது?"

சகோதரி, முதலில் நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு வருஷம் முன்பு நாங்களும் இதே மாதிரி ஒரு பட்டாளமாகப் போனோம். கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகு பிடித்து எலிபெண்டா குகை. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், நடுவில் 120 படி. திரும்பி வந்து இறங்கும்போது மணி மூன்றாகப் போகிறது. படகிலேயே அம்மா, "சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டேன்டா, கையெல்லாம் நடுங்குது" என்கிறார். கரையில் இறங்கியதும் கண்ணில் பட்ட முதல் ஏசி கடைக்குள் நுழைந்தோம். பெயர் வேண்டாம். ஆறிப்போன ஃப்ரைடு ரைஸ், புளித்த தயிர். ஐந்து பேருக்கு வந்த பில்லில் ஊரில் நாலு நாள் சாப்பிட்டிருக்கலாம். அந்தக் கடைக்கும் போனில் நல்ல ஸ்டார்தான்.

அன்றைக்கு நான் செய்த தப்பு கடையைத் தேர்ந்தெடுத்ததில் இல்லை. தேர்ந்தெடுத்த நேரத்தில். பசி வந்த பிறகு, நடைபாதையில் நின்றுகொண்டு, ஒரு குழந்தை அழ, இன்னொரு குழந்தை கையைப் பிடித்து இழுக்க, போனைத் திறந்து தேடினால் யாராக இருந்தாலும் ஏமாறத்தான் வேண்டும். அதனால் என் கணக்கு இது: ஒரு நாளைக்கு ஒரு வேளை, மதியச் சாப்பாட்டை மட்டும், முந்தின நாள் இரவே முடிவு செய்துவிடுங்கள். காலையும் இரவும் எப்படியோ நடந்துவிடும். மதியம்தான் சுற்றிப் பார்க்கும் இடத்துக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறது. நிறைய சாப்பாட்டுக் கடைகள் மூன்று, மூன்றரைக்கு அடுப்பை அணைத்துவிட்டு ஏழு மணிக்குத்தான் திறக்கின்றன. நடுவில் திறந்திருப்பது பெரும்பாலும் சிற்றுண்டிக் கடைகளும், வெளியூர்க்காரர்களை நம்பியே நடக்கிற கடைகளும்தான்.

அப்புறம் ஸ்டார். அதைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் யார் போட்டது என்று பாருங்கள். கேட்வே பக்கத்துக் கடைக்கு ஸ்டார் போடுகிறவர் வாழ்நாளில் ஒரே ஒரு முறை அங்கே சாப்பிட்டவர், திரும்பி வரப்போவதில்லை. குடியிருப்புப் பகுதிக் கடைக்குப் போடுகிறவர் வாரம் இரண்டு முறை போகிறவர். முதலில் புதிய கருத்துகள் வரும்படி மாற்றிக்கொண்டு, மூன்று ஸ்டார் போட்டவர்கள் எழுதியதைப் படியுங்கள். ஐந்து போட்டவர் "சூப்பர்" என்று முடித்துவிடுவார். ஒன்று போட்டவர் யாரிடமோ சண்டை போட்டிருப்பார். மூன்று போட்டவர்தான் "சாப்பாடு நன்றாக இருந்தது, ஆனால் மாடி ஏற வேண்டும், முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும்" என்று நமக்கு வேண்டியதை எழுதுவார். மெனு கார்டை யாராவது போட்டோ எடுத்துப் போட்டிருந்தால் அதன் தேதியையும் பாருங்கள். விலை அதில் தெரிந்துவிடும்.

சரி, மும்பைக்கு வருகிறேன். நீங்கள் தாதரில் தங்குவது பெரிய அதிர்ஷ்டம். அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்கா. நூறு வருஷத்துக்குக் குறையாமல் தமிழர்களும் கன்னடக்காரர்களும் வாழ்கிற இடம். பூக்கடையில் மல்லிகைப்பூ, காய்கறிக் கடையில் முருங்கைக்காய், வாழைப்பூ எல்லாம் கிடைக்கும். உங்கள் மாமியாருக்கு அங்கே போனதும் பாதி வலி குறைந்துவிடும்.

காலைச் சிற்றுண்டிக்கு கிங்ஸ் சர்க்கிள் பக்கம் கஃபே மெட்ராஸ். 1940-இல் தொடங்கியது. ரசவடை, நெய் தோசை என்று எல்லாம் உண்டு, ஆனால் மாமியாருக்கு ராகி தோசை சொல்லுங்கள். சனி ஞாயிறு எட்டரைக்குப் போனால் தெருவில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டியதுதான், ஏழரைக்கே போய்விடுங்கள். ஸ்டேஷன் பக்கம் ராம் ஆஸ்ரயா, அது 1939. விடியற்காலையிலேயே திறந்துவிடுவார்கள். அங்கே பைனாப்பிள் ஷீரா, அதாவது நம் அன்னாசிக் கேசரி, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மாமியார் கண்ணில் படாமல் வாங்குவது உங்கள் சாமர்த்தியம்.

மதியத்துக்கு, மாட்டுங்கா ஸ்டேஷனை ஒட்டியே ஏ. ராமநாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங். 1942-இல் ஆரம்பித்த மெஸ். டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் காத்திருக்க வேண்டும். வாழை இலைச் சாப்பாடு, கேட்டுக் கேட்டுப் போடுவார்கள். எனக்கு அந்த ஊரிலேயே மிகவும் பிடித்த இடம் அது. காரணம் சாப்பாடு மட்டும் இல்லை. சமையலறையை நாமே போய்ப் பார்க்கலாம். எங்கள் அம்மா வெளியில் சாப்பிட யோசிக்கிறவர். உள்ளே போய், சாம்பார் அண்டாவை எட்டிப் பார்த்து, அப்பளம் பொரிக்கிற எண்ணெய் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்துதான் இலையில் உட்கார்ந்தார். மூன்று தடவை ரசம் வாங்கினார். ஒரே சிக்கல், அது முதல் மாடி. முழங்கால் வலி உள்ளவர்கள் மெதுவாக ஏற வேண்டும். மாட்டுங்காவில் இந்த மாதிரிப் பழைய கடைகள் சிலவற்றுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. எலிபெண்டா குகைக்கும் திங்கட்கிழமை விடுமுறைதான். திங்கட்கிழமையை ஜூஹு கடற்கரைக்கோ கடைத்தெருவுக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

மும்பையின் சாதாரண உடுப்பி ஓட்டலைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மற்ற ஊரில் மெனு கார்டு கல்யாணப் பத்திரிகை மாதிரி நாலு மடிப்பாக இருந்தால் நான் எழுந்து வந்துவிடுவேன். மும்பையில் அந்தக் கணக்கு செல்லாது. மங்களூர்ப் பக்கத்து ஷெட்டிகள் நடத்துகிற எந்த ஓட்டலிலும் இட்லியிலிருந்து பனீர், நூடுல்ஸ், பாவ் பாஜி, செஷ்வான் தோசை வரை எல்லாம் இருக்கும். அதுதான் அந்த ஊர் வழக்கம். கார்டை மூடி வைத்துவிட்டு, பக்கத்து நாலு மேஜையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மூன்றில் பாவ் பாஜி இருந்தால் அதையே சொல்லுங்கள். "பட்டர் கம்", அதாவது வெண்ணெய் குறைவாக, என்று சொல்லாவிட்டால் மேலே ஒரு கட்டி மிதக்கும். சாம்பார் கொஞ்சம் தித்திக்கும், மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கார்டில் "ஜெயின்" என்று போட்டிருந்தால் வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லாதது என்று அர்த்தம். ஜெயின் பாவ் பாஜியில் உருளைக்கிழங்குக்குப் பதில் வாழைக்காய்தான் போடுவார்கள். விரத நாள் வந்தால் இது கை கொடுக்கும்.

குஜராத்தித் தாலி ஒரு வேளையாவது சாப்பிட வேண்டும். கால்பாதேவியில் ஸ்ரீ தாக்கர் போஜனாலய், 1945-இலிருந்து இருக்கிறது. தட்டில் இருக்கிற கிண்ணம் காலியாகவே விடமாட்டார்கள். போதும் என்று வாயால் சொன்னால் காதில் விழாது. தட்டுக்கு மேல் கையை விரித்து மறைத்தால்தான் நகர்வார்கள். ஆனால் குஜராத்திப் பருப்பில் வெல்லம் உண்டு, இனிப்பும் தனியாக வரும். அதுவும் மாடிப்படி உள்ள இடம். சர்க்கரையும் முழங்காலும் இரண்டும் இருப்பவரை அங்கே கூட்டிக்கொண்டு போகாதீர்கள் என்பேன். மாமியார் அறையில் ஓய்வெடுக்கிற மதியம் ஒன்று வரும், அன்றைக்கு நீங்கள் நால்வரும் போய்வாருங்கள்.

உங்கள் கணவர் விஷயம். மும்பையில் "லஞ்ச் ஹோம்" என்று பலகை பார்த்தால் அது பெரும்பாலும் மங்களூர் மீன் கடை. ஃபோர்ட் பகுதியில் மகேஷ் லஞ்ச் ஹோம் பிரபலம், விலை கொஞ்சம் கூடத்தான். தாதரிலேயே மால்வணி, அதாவது கொங்கணக் கடற்கரைப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகள் நிறைய இருக்கின்றன. பொம்பில் என்கிற மீனின் வறுவல், மீன் குழம்பு, கடைசியில் சோல் கடி. கோகம் பழமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த இளஞ்சிவப்புப் பானம் அது, நாம் மோர் குடிக்கிற மாதிரி. குடும்பமாக ஒரே கடைக்குத்தான் போக வேண்டும் என்று சட்டம் இல்லை. அவர் பையனை அழைத்துக்கொண்டு மீன் கடைக்குப் போகட்டும், நீங்கள் மூவரும் பக்கத்துச் சைவ ஓட்டலுக்குப் போங்கள். எல்லாருக்கும் பொதுவான கடை என்று தேடித்தான் யாருக்கும் பிடிக்காத கடையில் போய் உட்காருகிறோம்.

எலிபெண்டா போகிற நாளுக்கு மட்டும் என் திட்டத்தைச் சொல்கிறேன். காலை ஒன்பது மணி வாக்கில் படகு ஏறிவிடுங்கள். பன்னிரண்டுக்குள் திரும்பப் படகு பிடித்தால் ஒரு மணிக்குக் கரையில் இருப்பீர்கள். கேட்வேயில் நிற்காமல் டாக்சி பிடித்து ஃபோர்ட் பக்கம் வாருங்கள். அது அலுவலகப் பகுதி, தினமும் வந்து சாப்பிடுகிறவர்களுக்காக நடக்கிற கடைகள். ஒன்றிலிருந்து இரண்டு வரை கூட்டம் நெரியும், கால் மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். அதனால் கையில் பிஸ்கட், ஒரு குளுக்கோஸ் பாக்கெட், மாமியாரின் மாத்திரை. மாத்திரையை மேஜையில் உட்கார்ந்து ஆர்டர் கொடுத்த பிறகுதான் போட வேண்டும், படகில் இல்லை. ஆட்டோ தேடி அலையாதீர்கள், தென் மும்பையில் ஆட்டோ கிடையாது; பாந்த்ரா, சயான் தாண்டித்தான் ஓடும்.

நாலு மணிக்குப் பசித்தால் இரானி கஃபே, அதாவது ஈரானிலிருந்து வந்தவர்கள் தொடங்கிய பழைய டீக்கடை. மெட்ரோ சினிமா பக்கம் கியானி அண்ட் கோ, 1904-இல் தொடங்கியது. மர நாற்காலி, கட்டம் போட்ட மேஜை விரிப்பு, பன் மஸ்கா, டீ. வெண்ணெய் தடவிய பன்னை டீயில் முக்கிச் சாப்பிடுவது என் பையனுக்கு ஒரே நாளில் பழகிவிட்டது.

பில்லைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண ஓட்டலில் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதோடு "சர்வீஸ் சார்ஜ்" என்று தனியாகப் போட்டிருந்தால் கட்டாயம் இல்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னதை, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. எடுத்துவிடுங்கள் என்று கேட்டால் எடுத்துவிடுவார்கள். சண்டை வேண்டாம், சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

திரும்புகிற ரயிலுக்குச் சாப்பாடு என்ன என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். குஜராத்திக் கடையில் தேப்லா வாங்கிக்கொள்ளுங்கள். வெந்தயக்கீரை போட்ட சப்பாத்தி, இரண்டு நாள் கெடாது. ஊறுகாய் மட்டும் ஈரோட்டிலிருந்து கொண்டுபோங்கள், அங்கே கிடைப்பது இனிக்கும்.