மாரிக்கு முன் விளையாட்டுச் சாமான்களை அடுக்குவோம்

[காட்சி: ஹோல் முழுக்கப் பரவிக் கிடக்கும் விளையாட்டுச் சாமான்கள்]

வணக்கம். "எல்லாத்தையும் எடுத்து அடுக்கு" என்றால் மூன்று வயதுப் பிள்ளை அப்படியே நிற்கும். எங்கே தொடங்குவது என்று அந்த வயதில் பிடிபடாது. வேலையைச் சின்னதாக்கிக் கொடுக்க வேண்டியது நாங்கள்தான்.

முதலில் சாமான்களைக் குறையுங்கள். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 36 சின்னப் பிள்ளைகளை ஒருமுறை 4 சாமான்களோடும், இன்னொரு முறை 16 சாமான்களோடும் விளையாட விட்டார்கள். 4 மட்டும் இருந்தபோது பிள்ளைகள் ஒவ்வொன்றோடும் கூடுதல் நேரம், விதவிதமாக விளையாடினார்கள். ஆகவே பாதியைக் காட்போட் பெட்டியில் போட்டு அலுமாரிக்கு மேல் வையுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

[காட்சி: பதிவான தட்டு, ஐஸ்கிரீம் பெட்டிகள், பனையோலைப் பெட்டி]

ஆழமான பெரிய வாளி வேண்டாம். அடியில் கிடக்கும் ஒரு காருக்காகப் பிள்ளை முழு வாளியையும் கவிழ்க்கும். வெறும் ஐஸ்கிரீம் பெட்டியும் ஓலைப் பெட்டியும் தாராளம். மூடி தேவையில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பிள்ளையே படமாக வரைந்து வெளியே ஒட்டட்டும். இத்தாலியக் கல்வியாளர் மரியா மொண்டிசோரி 1907இல் ரோமில் தொடங்கிய பள்ளியிலிருந்து வந்த வழக்கம்தான், சாமான்களைப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் வைப்பது.

எடுத்து வைக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். "சிவப்பெல்லாம் நீ எடு மகன், பச்சை நான் எடுக்கிறன்" என்று பங்கு பிரியுங்கள். மணிக்கூடு பார்க்கத் தெரியாத வயது அல்லவா, அதனால் விளக்கு வைக்கும் நேரம், மஹ்ரிப் பாங்கு என்று பிள்ளைக்குத் தெரிந்த ஒரு நேரத்தோடு சேர்த்துவிடுங்கள். பிள்ளை கோணலாக அடுக்கினால் அப்படியே இருக்கட்டும். அது பார்த்திருக்க நீங்கள் திருப்பி அடுக்கினால், நாளைக்குக் கை வைக்காது.

ஒன்றை மட்டும் பெரியவர்களே பார்க்க வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி, தங்கை வீட்டில் இருந்தால், வாய்க்குள் போகக்கூடிய சின்னத் துண்டுகள் உயரத்தில் இருக்க வேண்டும். பொத்தான் அளவுப் பற்றரியை விழுங்கினால் இரண்டே மணித்தியாலத்தில் உணவுக்குழாய் வெந்து போகலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

[காட்சி: மணல் முற்றம், கவிழ்ந்த டிப்பர் லொறி, சிரட்டை]

சரி, இப்போது முற்றம். மட்டக்களப்புக் கரையோரத்தில், கல்லடியிலும் காத்தான்குடியிலும், பிள்ளைகளின் பாதி விளையாட்டு மணலில்தான். மணல் சாமான்களை வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டு இறவாணத்தின் கீழ் கொழுவுங்கள். மணல் தானாகக் கொட்டிவிடும், காற்றுப் பட்டுக் காயும்.

மாரியில் இது இன்னும் முக்கியம். டிப்பரின் பெட்டி, சிரட்டை, யோகட் கப் எதிலும் கொஞ்சத் தண்ணீர் நின்றாலே டெங்கு நுளம்பு முட்டையிடும். ஏழு முதல் பத்து நாட்களுக்குள் அது நுளம்பாகிப் பறந்துவிடும். தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது. முட்டை ஓரத்தில் ஒட்டியிருந்து, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். கிழமைக்கு ஒருநாள் முற்றத்தைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் நிற்பதைக் கண்டுபிடித்துக் கவிழ்ப்பது பிள்ளையின் வேலை, உள்ளோரத்தைத் தும்பால் தேய்த்துக் கழுவுவது உங்களுடைய வேலை.