711ஆம் அறையும் 101 பேரும்

அனைவருக்கும் வணக்கம். வெளியே மழை வரும்போல இருக்கிறது. பேய்க்கதை பேச இதைவிடத் தோதான சாயங்காலம் கிடைக்காது. யாராவது எழுந்து லைட்டை அணைத்துவிடாதீர்கள், அது போதும்.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் தலைநகரம் நாஷ்வில். அங்கே யூனியன் ஸ்டேஷன் என்று ஒரு ஓட்டல் இருக்கிறது. பெயரிலேயே விஷயம் வந்துவிட்டது, ஒரு காலத்தில் அது ரயில் நிலையம். லூயிவில் அண்ட் நாஷ்வில் ரயில்வே கம்பெனி கட்டி, 1900 அக்டோபரில் திறந்தது. கனத்த கல் சுவர்கள், அரைவட்ட வளைவுகள், கோட்டைபோல ஒரு கோபுரம். உள்ளே நுழைந்தால் 65 அடி உயரத்தில் வண்ணக் கண்ணாடி பதித்த கூரை. புடைப்புச் சிற்பங்களாக ஒரு நீராவி எஞ்சினும், குதிரை பூட்டிய ரதமும் உண்டு. தண்டவாள மட்டத்தில் தொட்டி கட்டி முதலை வளர்த்தார்கள் என்றுகூடச் சொல்வார்கள். வண்டிக்குக் காத்திருக்கிற ஜனத்துக்கு அப்படி ஒரு பொழுதுபோக்கு!

1979 அக்டோபரில் பயணிகள் ரயில் நின்றது. சில வருஷம் பூட்டிக் கிடந்த கட்டடம் 1986இல் ஓட்டலாகத் திறந்தது. ஆனால் பக்கத்துத் தண்டவாளம் சாகவில்லை. சரக்கு ரயில்கள் இன்றும் போகின்றன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பேய்க்கு வருவோம். அவள் பெயர் அபிகெயில். இரண்டாம் உலகப் போருக்குப் போன காதலனை இந்த நிலையத்தில்தான் வழியனுப்பினாளாம். நீ திரும்பி வரும்போது நான் இதே இடத்தில் நிற்பேன் என்றாளாம். சொன்னபடி வந்து நின்றாள். ரயில் வந்தது, அவன் வரவில்லை. பிரான்சில் இறந்துவிட்டான் என்று அங்கேதான் தெரிகிறது. அடுத்து வந்த ரயிலின் முன் பாய்ந்துவிட்டாள். அன்றிலிருந்து 711ஆம் அறையில் நடமாடுகிறாள். விளக்கு தானாக எரியும், ஆளில்லாமல் காலடி கேட்கும் என்பார்கள். அந்த அறைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கித் தங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பகடைச் சூதில் முதல் வீச்சிலேயே ஜெயிக்கிற எண்கள் 7ம் 11ம். பேய்க்கு நல்ல ராசியான அறையாகத்தான் கிடைத்திருக்கிறது.

சிரிக்கலாம். ஆனால் இந்தக் கதையில் ஓர் இடம் என்னைச் சும்மா விடவில்லை. காதலன் செத்த செய்தி அவளுக்கு ஏன் முன்பே தெரியவில்லை? அந்தக் காலத்தில் சிப்பாய் இறந்தால் ராணுவத்திலிருந்து தந்தி வரும். தந்தி யாருக்கு? மனைவிக்கு, இல்லாவிட்டால் பெற்றோருக்கு. கல்யாணமாகாத காதலிக்கு அந்தத் தந்தி கிடையாது. அவளுடைய உறவுக்கு எந்த ரிஜிஸ்டரிலும் இடம் இல்லை. ஆக, அவள் ஒன்றும் தெரியாமல் பிளாட்பாரத்தில் வந்து நிற்பது நடக்கக்கூடிய காரியம்தான். அந்தப் போரில் ஏராளமான சிப்பாய்கள் ரயிலேறிப் போன நிலையம் இது. அபிகெயில் என்று ஒருத்தி இருந்தாளோ இல்லையோ, தந்தி வராத பெண்கள் அங்கே நின்றிருப்பார்கள். கதையைக் கட்டியவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது.

காலடிச் சத்தத்துக்கு நான் அதிகம் மெனக்கெட மாட்டேன். பழைய கட்டடம், உயர்ந்த கூடம், ராத்திரியில் பக்கத்திலேயே சரக்கு ரயில். ஜன்னல் அதிரும், கதவு முனகும். தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு மீதியை மனசே செய்து கொடுத்துவிடும்.

நான் இன்று பேச வந்தது வேறொன்று.

1918 ஜூலை 9. முதல் உலகப் போர் நடக்கிறது. இதே யூனியன் ஸ்டேஷனிலிருந்து அதே மாநிலத்து மெம்பிஸ் நகரத்துக்குப் போகும் 4ஆம் எண் ரயில் காலை 7 மணிக்குக் கிளம்ப வேண்டும். 7.07க்குக் கிளம்பியது. எதிரே மெம்பிஸிலிருந்து 1ஆம் எண் ரயில், அதுவும் தாமதம். கொஞ்ச தூரம் இரட்டைப் பாதை, அப்புறம் ஒற்றைப் பாதை. 1ஆம் எண் தாண்டிய பிறகுதான் 4ஆம் எண் ஒற்றைப் பாதையில் நுழைய வேண்டும். வழியில் ஒரு ஷன்டிங் எஞ்சின், அதாவது யார்டில் பெட்டிகளை இடம் மாற்றுகிற எஞ்சின், பெட்டிகளோடு கடந்து போனது. 4ஆம் எண் ரயில்காரர்கள் அதையே 1ஆம் எண் என்று எடுத்துக்கொண்டார்கள். சிக்னல் கேபினிலும் வழி கொடுத்தாயிற்று. பிறகுதான் கேபின்காரர் பதிவேட்டைப் பார்க்கிறார், 1ஆம் எண் இன்னும் வரவில்லை. அபாயச் சங்கை ஊதினார். 4ஆம் எண் ரயிலின் கடைசியில் நின்று அதைக் கேட்க ஆள் இல்லை.

டச்மேன்ஸ் கர்வ் என்ற வளைவில் இரண்டும் நேருக்கு நேர் மோதின. அரசு விசாரணைக் கணக்குப்படி 101 பேர் செத்தார்கள். அதற்கு மேலும் என்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் மிக மோசமான ரயில் விபத்துகளில் ஒன்று. செத்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத் தொழிலாளர்கள். ஓல்டு ஹிக்கரி வெடிமருந்து ஆலைக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர்.

ஏன் அவர்கள் மட்டும் அவ்வளவு பேர்? நிறவெறிச் சட்டப்படி கறுப்பர்களுக்குத் தனிப் பெட்டி. அது எஞ்சினுக்கு அடுத்தாற்போல், புகையும் கரியும் வந்து விழுகிற இடத்தில். அதுவும் மரப்பெட்டி. நேருக்கு நேர் மோதினால் முதலில் நொறுங்குவது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்டிகள் இரும்பாக இருந்திருந்தால் சாவு குறைந்திருக்கும் என்று விசாரணை அறிக்கையே சொன்னது. அன்று வேடிக்கை பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம் திரண்டது.

நம் ஊரில் அகாலமாகச் செத்தவர்களுக்கு ஒரு பீடமாவது வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை படையல் போடுவார்கள். கோபத்தோடு போனவர்களை அப்படியே விடக்கூடாது என்ற பயம் அது. நாஷ்விலில் விபத்து நடந்த இடத்துக்கு அருகே நினைவுப் பலகை வந்தது 2008இல். 90 வருஷம் ஆகியிருந்தது.

அபிகெயிலுக்கு அறை கிடைத்ததில் எனக்குக் குறை இல்லை. காதலில் செத்த பெண் என்றால் விருந்தாளிக்கு லேசாகச் சிலிர்க்கும், காலையில் எழுந்து காபி குடிப்பான். மரப்பெட்டியில் செத்த கூலிக்காரன் வந்து கட்டில் ஓரம் நின்றால், அந்தப் பெட்டியில் என்னை ஏற்றியது யார் என்று கேட்பான். அந்தக் கேள்வியோடு யார் ரூம் வாடகை கட்டித் தூங்குவார்கள்?

மழை பிடித்துக்கொண்டது. குடை கொண்டுவராதவர்கள் கொஞ்சம் இருங்கள், டீ வருகிறது.