பின்தொடர ஒரு செவிலியர் வேண்டும்

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த குழந்தைநல மருத்துவர்களே, பணி முடித்த களைப்போடு நேராக இங்கே வந்திருக்கும் செவிலியர்களே, பெற்றோர்களே, வணக்கம். வரவேற்புரை ஆற்றிய அம்மையாருக்குத் தனியாக என் நன்றி.

பிள்ளைகளின் மனநலத்தில் கண்டறிதல், பின்தொடர்தல், மருந்து என மூன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். மனநலக் கோளாறுகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும், பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். தடுப்பூசிக்கும் காய்ச்சலுக்கும் பிள்ளையைத் தூக்கி வருகிறோமே, அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் அணை எழ வேண்டும்.

பத்து வயதுச் சிறுமி ஒருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை வயிற்றுவலி. டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுப் பூச்சி மாத்திரை தருகிறார். அடுத்த திங்கள் மறுபடியும் வலி. சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன், எல்லாம் சரி. ‘பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறாள்’ என்று வீட்டில் திட்டு. விடுமுறையிலும் வலிக்கிறதா, ஞாயிறு இரவு தூங்குகிறாளா என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த வலி பொய்யல்ல, ஐயா! பதற்றம் குடலை உண்மையாகவே பிசையும்.

காத்திருக்கும் நேரத்தில் தாயிடம் 17 கேள்விகள் கொண்ட அறிகுறித் தாளைக் கொடுத்தால் சில நிமிடங்களில் நிரப்பிவிடுவார். ‘இல்லை’ 0, ‘சில நேரம்’ 1, ‘அடிக்கடி’ 2. மொத்தம் 15 வந்தால் மேலும் விசாரிக்க வேண்டும். கவலை, சோர்வு பற்றிய ஐந்து கேள்விகளில் மட்டும் 5 வந்தாலும் விசாரிக்க வேண்டும். மொத்தத்தை மட்டும் பார்க்கிற இடத்தில்தான் இவளைப் போன்ற அமைதியான பிள்ளைகள் விடுபடுகிறார்கள். தாளை வைத்து நோய்க்குப் பெயர் சூட்டக் கூடாது. பிள்ளையிடம் தனியாகவும் பேச வேண்டும். தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டென்று பிள்ளை சொன்னால், மதிப்பெண் எதுவானாலும், வீட்டுக்கு அனுப்பும் முன் அன்றைக்கே பாதுகாப்பை உறுதி செய்தாக வேண்டும்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. பிறகு? பரிந்துரைச் சீட்டோடு கதை முடிகிறது. அந்தக் குடும்பம் மனநல மருத்துவரிடம் போனதா என்று பார்க்க ஆளில்லை. அதனால்தான் நிலையத்துக்கு ஒரு பின்தொடர் செவிலியர் வேண்டும் என்று மேடைக்கு மேடை கேட்கிறேன். பெயர்ப் பதிவேடு அவர் கையில் இருக்கட்டும். ஒரு வாரத்துக்குள் போன் செய்யட்டும், சில வாரங்கள் கழித்து அதே தாளை மறுபடி நிரப்பி ஒப்பிடட்டும், முன்னேற்றம் இல்லாத பிள்ளைகளைப் பற்றி மனநல மருத்துவரிடம் கேட்கட்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2004-ல் தொடங்கிய திட்டத்தில், குழந்தைநல மருத்துவர்கள் குழந்தை மனநல நிபுணரிடம் தொலைபேசியிலேயே ஆலோசனை பெறுகிறார்கள். வெள்ளம் வருமுன் அணை போடு என்கிறோம்; அணைக்குக் காவலாள் வேண்டாமா?

தலைவர் மணியைப் பார்க்கிறார், மருந்தைப் பற்றிப் பேச நேரமில்லை. இன்று நிறைவேற்றும் தீர்மானத்தில் அந்தச் செவிலியர் பணியிடத்தை முதல் வரியாகச் சேர்க்குமாறு அவையை வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.