பெயர்த்தகடு இல்லாத கேரவன்

நேயர்களுக்கு வணக்கம். புக்கிட் மெர்தாஜாமில் லோரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய வண்டிகளைப் புதுப்பிப்பது பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்தார் கேட்டார்கள். பழைய காடிகளைப் பற்றிப் பேச நிறைய பேர் இருக்கிறார்கள். அதனால் நான் கேரவனைப் பற்றிப் பேசுகிறேன். காடிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சக்கர வீடு. அதிலும் எந்தக் கம்பெனி செய்தது என்றே தெரியாத கேரவன்.

அப்படி ஒன்று கைக்கு வந்தால், பெரும்பாலோர் முதல் நாளே உள்ளே இருக்கும் பலகை, அடுப்பு, விளக்கு எல்லாவற்றையும் பிடுங்கி வெளியே போட்டுவிடுகிறார்கள். உளுத்துப்போனதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அதைச் செய்யாதீர்கள். வண்டி எந்த ஊரில், எந்தக் காலத்தில், யார் கையால் உருவானது என்று சொல்லக்கூடிய சாட்சி அந்தக் குப்பைதான். அது போய்விட்டால் திரும்ப வராது.

நிபோங் தெபால் பக்கம் ஒரு குடும்பம் என்னைக் கூப்பிட்டது. தோட்டத்தில் கிராணியாக இருந்தவர், வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பியபோது அவரிடமிருந்து வாங்கிய கேரவன். ரப்பர் இருந்த காலத்தில் பால் மங்குகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். செம்பனை வந்தபிறகு கோழித் தீவனம். கிராணி காலமாகிவிட்டார், அவர் மனைவி இருக்கிறார். கம்பெனித் தகடு இருந்த இடத்தில் நான்கு ஆணி ஓட்டைகள் மட்டும். "ஜெர்மன் வண்டி" என்று குடும்பத்தில் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

நான் முதலில் பார்த்தது கதவை. இடப்பக்கம் இருந்தது. சாலையில் இடப்புறம் ஓட்டும் நாடுகளில் கேரவனின் கதவைப் பெரும்பாலும் இடப்பக்கம்தான் வைப்பார்கள், இறங்குகிறவர் சாலையோரத்தில் கால் வைக்க வேண்டும் அல்லவா. ஜெர்மனி, பிரான்ஸ் வண்டிகளில் அது வலப்பக்கம். யாராவது பிற்காலத்தில் கதவை மாற்றி வைத்திருக்கலாம் என்பதால் சட்டத்தையும் பார்த்தேன். ஒட்டுப்போட்ட அடையாளம் இல்லை. ஆக, ஜெர்மனி கிட்டத்தட்ட விலகியது. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மிச்சம்.

ஆஸ்திரேலியாவாக இருக்கும் என்று பட்டறை நண்பர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. பட்டர்வொர்த்தில் ஆஸ்திரேலிய விமானப்படை 1950-களிலிருந்து 1988 வரை தளம் நடத்தியது. அந்தக் குடும்பங்கள் விட்டுப்போன சாமான்கள் இந்தப் பக்கம் ஏராளம். அதனால் அடுத்துப் பார்த்தது கொக்கி. காடியின் பின்னால் இருக்கும் இரும்புக் குண்டின் மேல் கேரவனின் கிண்ணம் உட்காரும். அந்தக் கிண்ணத்தின் உள்ளளவை எடுங்கள். பழைய பிரிட்டிஷ் அளவு 2 இஞ்ச், அதாவது 50.8 மில்லிமீட்டர். பிறகு வந்தது 50 மில்லிமீட்டர். நியூசிலாந்தில் 1⅞ இஞ்ச், சுமார் 47.6 மில்லிமீட்டர். எங்களுடையது 2 இஞ்ச், ஆக இங்கிலாந்துப் பக்கம் சாய்ந்தது. இந்த அளவு வண்டியின் ஊரைச் சொல்வதோடு நிற்கவில்லை, உயிர் விஷயமும் கூட. 2 இஞ்ச் கிண்ணத்தை இன்றைய 50 மில்லிமீட்டர் குண்டில் மாட்டினால் உட்காரும், பூட்டும் விழும். ஆனால் ஆடும். மேடு பள்ளத்தில் துள்ளிக் கழன்றுவிடலாம்.

அப்புறம் போல்ட்டுகள். சேசிஸில் மெட்ரிக் ஸ்பேனர் எதுவும் பிடிக்கவில்லை. மரை அளவுகோலை வைத்துப் பார்த்தால் 55 டிகிரி, விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் மரை. மெட்ரிக் மரை 60 டிகிரி. அதற்குரிய ஸ்பேனர்களை ஜார்ஜ்டவுன் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் தேடி வாங்கினேன். பின்விளக்கு லூகாஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனியுடையது. சுவரில் கேஸ் மேண்டில் விளக்குக்கான பித்தளைத் தாங்கி. பழைய வேலை எல்லாம் ஒற்றை வெட்டு ஸ்க்ரூ, சிலுவை வெட்டு ஸ்க்ரூ இருக்கும் இடமெல்லாம் பிற்காலப் பழுதுபார்ப்பு. முன் கண்ணாடியின் மூலையில் டிரிப்ளெக்ஸ் என்ற இங்கிலாந்துக் கண்ணாடிக் கம்பெனியின் முத்திரை. அந்த எழுத்துகளை ஒட்டிச் சிறு புள்ளிகள் இருக்கும், எந்த எழுத்தில் புள்ளி என்பதை வைத்து ஆண்டு தெரியும். ஒரு எச்சரிக்கை: அது ஆண்டின் கடைசி இலக்கத்தைத்தான் சொல்லும். 2 என்றால் 1952-ஆ, 1962-ஆ, 1972-ஆ என்பதை மற்ற சாட்சிகளோடு சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கண்ணாடி உடைந்து மாற்றப்பட்டிருந்தால் அதுவும் பயன்படாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்ததில் 1960-களின் தொடக்கம், இங்கிலாந்து என்று வந்தது.

இங்கே கிராணியின் மனைவியான பாட்டியைச் சொல்லியாக வேண்டும். எதுவும் கேட்காமலே, "மேல வெள்ளை, கீழ நீலம் தம்பி, இந்தப் பச்சை எங்க வீட்டுக்காரரு அடிச்சது" என்றார். ஜன்னல் ரப்பரை மெதுவாக உரித்து எடுத்தபோது, வெயிலே படாத அந்தப் பட்டையில் வெளிர் நீலம் அப்படியே இருந்தது. நாடு விஷயத்தில் தவறிய குடும்ப நினைவு, நிறத்தில் துல்லியமாக இருந்தது. அதனால் வீட்டுப் பெரியவர்களிடம் பெயரைக் கேட்பதைவிட, கண்ணால் பார்த்ததைக் கேளுங்கள். என்ன நிறம், எங்கே படுக்கை, எந்தக் காடி இழுத்தது.

சரி, நாடும் காலமும் தெரிந்தாயிற்று, கம்பெனி? இதுதான் கடினம். இங்கிலாந்தில் பர்மிங்ஹாமின் எக்கிள்ஸ் 1919-லிருந்தே கேரவன் செய்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சாம் ஆல்பர் தொடங்கிய ஸ்பிரைட், சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் ஆயிரக்கணக்கில் விற்றது. செல்ட்டன்ஹாம், கார்லைட், புளூபேர்ட், தாம்சன் என்று இன்னும் பல. இவர்களில் பலர் அடுப்பு, விளக்கு, ஜன்னல் சட்டம், சில சமயம் சேசிஸைக் கூட வெளியே இருந்து வாங்கினார்கள். அதனால் அடுப்பின் பெயரைப் பார்த்து வண்டியின் பெயரை முடிவு செய்யக் கூடாது. கம்பெனியின் கையெழுத்து இருப்பது வடிவத்தில்தான்: பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரியும் கூரை வளைவு, முன்பக்கச் சரிவு, ஜன்னல்களின் எண்ணிக்கையும் இடமும், அலமாரியின் பலகை இணைப்பு. துணி அலமாரியைக் கழற்றினால் அதன் முதுகைப் பாருங்கள். எங்களுடையதில் தொழிற்சாலை ஆள் பென்சிலால் எழுதிய எண் இருந்தது. அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், பலகையையும் வைத்திருக்கிறேன். இங்கிலாந்தில் பியூலி என்ற ஊரில் இருக்கும் தேசிய மோட்டார் அருங்காட்சியகத்தில் அந்த நாட்டுக் கேரவன் கிளப்பின் பழைய ஆவணத் தொகுப்பு இருக்கிறது. அந்த மாதிரி இடங்களுக்கு எழுதும்போது "பழைய கேரவன், என்ன கம்பெனி?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. நான்கு பக்கமும் நேராக எடுத்த படங்கள், நீள அகலம், கிண்ண அளவு, பென்சில் எண் எல்லாம் போக வேண்டும்.

பழுதுபார்ப்புக்கு வருகிறேன். பழைய கேரவனைக் கொல்வது வயது இல்லை, தண்ணீர். வெளியே அலுமினியத் தகடு பளபளவென்று இருக்கும், உள்ளே மரச்சட்டம் கையால் தொட்டால் மாவாகக் கொட்டும். கூரைத் தகடுகள் சேரும் விளிம்பு, ஜன்னலின் மேல் ஓரம், மூலைப் பட்டையின் ஸ்க்ரூ ஓட்டை ஆகிய இடங்களில் மழை நுழைந்து, கீழ்ச்சட்டத்தில் போய்த் தேங்கும். லண்டனில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் அளவுதான் மழை. பினாங்கில் 2,000-த்தைத் தாண்டிப் பெய்கிறது. அந்த ஊர் மழைக்குச் செய்த விளிம்பு நம் மழையைத் தாங்காது. கூடவே கறையான் வேறு.

அந்த ஊர் ஆட்கள் ஈரமானியை வைத்து, மரத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் கவலைப்படச் சொல்வார்கள். நம் காற்றில் 80 விழுக்காடு ஈரப்பதம் இருக்கும்போது நல்ல மரமே 16 காட்டும். அதைப் பார்த்துப் பயந்து நல்ல சட்டத்தை வெட்டி எறியாதீர்கள். பக்கத்து இடத்தோடு ஒப்பிடுங்கள். சுற்றிலும் 16, ஒரு மூலையில் மட்டும் 28 என்றால் அங்கேதான் ஒழுகுகிறது.

தகட்டைக் கழற்றும் முன் உள்ளே குறுக்குக் கட்டைகள் கொடுத்து உருவத்தைப் பிடித்து நிறுத்துங்கள், இல்லையென்றால் கூடு சாய்ந்துவிடும், பிறகு கதவு மூடாது. உளுத்த பலகைகளைத் தூக்கிப் போடாமல் அச்சாக வைத்துப் புதுப் பலகை வெட்டுங்கள். அந்த வளைவுகளை அளவு நாடாவால் எடுக்க முடியாது. சட்டத்துக்கு மருந்து ஏற்றிய மெராந்தி மரம் போதும். செங்கால் மரம் உறுதியானது என்பதற்காக அதைப் போட்டுவிடாதீர்கள், எடை தாங்காது. அந்தக் கால 12 அடிக் கேரவன் சுமார் 600 கிலோதான். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் மாதிரி 1,500 சிசி காடிகள் இழுப்பதற்காகக் கணக்குப் போட்டுச் செய்தது. வீட்டுச் சமையலறைக்குப் போடுவது போல் கனத்த பிளைவுட்டில் அலமாரி கட்டினால் அச்சும் பிரேக்கும் அதைச் சுமக்க முடியாமல் போகும்.

விளிம்புகளுக்கு சிலிக்கன் வேண்டாம். கடையில் எளிதாகக் கிடைக்கும், ஆனால் அதன் மேல் பெயிண்ட் ஒட்டாது, அடுத்த முறை பிரிக்கும்போது சுரண்டியே எடுக்க வேண்டும். பியூட்டில் மேஸ்டிக் என்ற ஒட்டும் பசை நாடா போடுங்கள், அது இளகியே இருக்கும். கடல் காற்று அடிக்கும் ஊர் இது, அலுமினியத்தில் நேரடியாக இரும்பு ஸ்க்ரூ முறுக்கினால் இரண்டும் தொடும் இடத்தில் அலுமினியம் அரித்துப்போகும். துருப்பிடிக்காத ஸ்க்ரூவையும் மேஸ்டிக்கில் தோய்த்துத்தான் ஏற்ற வேண்டும். பெயிண்டுக்கு முன் அலுமினியத்துக்கென்று உள்ள எட்ச் பிரைமர், அதாவது பெயிண்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு, கட்டாயம்.

இரண்டு ஆபத்துகளை அழுத்திச் சொல்கிறேன். அடுப்புக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு கெட்டிப் பலகை இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். உடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள், துளை போடாதீர்கள். அந்த வேலை தெரிந்தவர்களை வைத்து எடுங்கள். அடுத்தது, தரையில் இருக்கும் ஓட்டைகள். பல்லி, எலி வருகிறது என்று அடைத்துவிடுகிறார்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். வெளியேற அந்த ஓட்டைதான் வழி. கம்பி வலை அடியுங்கள், அடைக்காதீர்கள்.

சாலையில் இழுக்கும் எண்ணம் இருந்தால் காசைச் செலவழிக்கும் முன்பே சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே-யில் கேளுங்கள், இழுவண்டிக்கும் பதிவு வேண்டும். டயரில் கட்டை, அதாவது சாலையைப் பிடிக்கும் மேடு, நன்றாக இருக்கிறதே என்று நம்பாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது 2000-க்கு முந்தைய டயர். கழற்றிவிடுங்கள்.

எங்கள் வண்டியின் சட்டம் முடிந்து, நீலமும் வெள்ளையும் அடித்தாயிற்று. உருவம் ஸ்பிரைட்டுக்கு நெருங்கி வருகிறது, முன் ஜன்னல் பிரிந்திருக்கும் விதம் மட்டும் ஒத்துவரவில்லை. அதனால் எந்தப் பெயரையும் ஒட்டவில்லை, தகட்டின் நான்கு ஓட்டைகளையும் மூடவில்லை. நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். 1960-களில் பத்து ஃபிரிங்கி, தஞ்சோங் பூங்கா, தெலுக் பாஹாங் கடற்கரைகளில் எடுத்த குடும்பப் படங்கள் உங்கள் வீட்டில் இருக்கும். தோட்டத்துப் படங்களும் இருக்கும். பின்னணியில் கேரவன் ஏதாவது நிற்கிறதா என்று பாருங்கள். முன் ஜன்னல் ஒன்றா, இரண்டா, மூன்றா, அதுதான் எனக்கு வேண்டும். படத்தின் பின்புறம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் சேர்த்துப் படம் எடுத்து நிலையத்துக்கு அனுப்புங்கள், எனக்கு வந்து சேரும். நன்றி, வணக்கம்.