பேய்ப்படத்தின் பட்டறையில்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

1973 டிசம்பர் 26 அன்று அமெரிக்காவில் வெளியான 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், அந்தப் படப்பிடிப்பின்மீது ஏதோ சாபம் கவிந்திருந்தது என்று உடனே ஒருவர் தொடங்கிவிடுவார். அதற்குச் சான்றாக முதலில் வந்து நிற்பது தீ விபத்து. கதையில் வரும் வீட்டுக்காகப் போட்ட செட் எரிந்து படப்பிடிப்பு சில வாரங்கள் தள்ளிப்போனதும், பேய் பிடித்த சிறுமியின் படுக்கையறை மட்டும் தப்பியதும் உண்மைதான். மின்பெட்டிக்குள் ஒரு புறா புகுந்ததே காரணம் என்று சொல்லப்பட்டது. ஆனால் கதை சொல்பவர்கள் புறாவை விட்டுவிட்டுப் படுக்கையறையை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். புறா இருந்தால் பேய்க்கு வேலை இல்லை அல்லவா?

எனக்கோ, அந்தப் படுக்கையறைக்குள் மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பதே சாபத்தைவிடப் பெரிய கதையாகப்படுகிறது. பேயோட்டும் காட்சியில் பாதிரியார்களின் மூச்சு புகையாக வெளிவருவதைப் பார்த்திருப்பீர்கள். கணினியில் அதை வரைந்து சேர்க்க வழியில்லாத காலம் என்பதால், அறையையே உறைநிலைக்கும் கீழே குளிரவைத்தார்கள். விளக்குகளைப் போட்டதும் சூடு ஏறி மூச்சுப்புகை மறைந்துவிடும். ஆகவே சற்று நேரம் படம்பிடிப்பது, நிறுத்துவது, மறுபடியும் குளிரவைப்பது என்று வேலை ஊர்ந்தது. குழுவினர் குளிர்கால உடைகளுக்குள் ஒடுங்கியிருக்க, சிறுமியாக நடித்த, பதின்ம வயதின் தொடக்கத்தில் இருந்த லிண்டா பிளேர் இரவு உடையோடு கட்டிலில் கிடந்தார். அருகில் முதிய பாதிரியாராக நின்ற நடிகர் மாக்ஸ் வான் சீடோ அப்போது நாற்பதுகளில்தான் இருந்தார் என்பதை, டிக் ஸ்மித்தின் ஒப்பனை பலருக்குத் தெரியாமலே மறைத்துவிட்டது.

ஒலியின் கதை இதைவிடச் சுவையானது. சிறுமியின் தலை பின்பக்கமாகத் திரும்பும் இடத்தில் எலும்பு நெரிபடுவதுபோல் ஓர் ஓசை கேட்கும். மெக்சிகோவைச் சேர்ந்த கொன்சாலோ கவிரா, பழைய தோல் பணப்பையை ஒலிவாங்கிக்கு அருகில் பிடித்து முறுக்கி எழுப்பிய ஓசை அது. திரையரங்கை நடுங்கவைத்தது ஒரு பணப்பை!

பேயின் குரலுக்குச் சொந்தக்காரர் மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ். வானொலி நாடகங்களில் தேர்ந்தவர், ஆஸ்கர் விருதும் பெற்றிருந்தவர். அந்தக் கரகரப்புக்காகப் பச்சை முட்டைகளை விழுங்கினார், இடைவிடாமல் புகைபிடித்தார், தன்னை நாற்காலியில் கட்டிவைக்கச் சொல்லி அந்தத் திணறலோடு வசனம் பேசினார். இத்தனைக்குப் பிறகும் முதலில் திரைக்குச் சென்ற பிரதிகளில் அவர் பெயர் இல்லை. அவர் போராடிய பிறகே பெயர் சேர்க்கப்பட்டது. பேய்க்குக் குரல் கொடுத்தவள் ஒரு சிறுமியே என்று பார்வையாளர்கள் நம்பட்டும் என்ற வணிகக் கணக்கு அதில் இருந்திருக்கலாம்; இருந்தாலும் அது நியாயமன்று.

இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கினின் திறமையை மறுப்பவன் அல்லன் நான். ஆனாலும் நடிகர்கள் திடுக்கிட வேண்டும் என்பதற்காக அவர் படப்பிடிப்புத் தளத்தில் துப்பாக்கியால் வெடித்ததையும், நடிக்க வந்த உண்மையான பாதிரியார் ஒருவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டு அந்தக் கையோடு காட்சியை எடுத்ததையும் மேதைமை என்று போற்றுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. பணப்பையை முறுக்கிப் பயத்தை உண்டாக்கத் தெரிந்த ஒரு குழுவுக்கு, கன்னத்தில் அறைய வேண்டிய தேவை என்ன?

தாயாக நடித்த எலன் பர்ஸ்டின், மகளிடம் அடிவாங்கித் தரையில் விழும் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். அவர் இடுப்பில் கட்டிய கம்பியைப் பின்னாலிருந்து ஒருவர் இழுப்பார். இழுப்பு மிகக் கடுமையாக இருக்கிறது என்று பர்ஸ்டின் முன்பே முறையிட்டிருந்தார். மறுபடி எடுத்தபோதும் கம்பி அதே வேகத்தில் இழுக்கப்பட்டது. அவருக்கு முதுகெலும்பின் அடியில் அடிபட்டது. வலி தாளாமல் அவர் அலறிய அந்த அலறல்தான் இன்றும் படத்தில் இருக்கிறது.