இருவர் ஆடும் போக்கரில் பெரிய ஜோடி

நேயர்களுக்கு வணக்கம். போக்கரில் இரண்டே பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவதை ஹெட்ஸ்-அப் என்பார்கள். அந்த ஆட்டத்தில் கையில் பெரிய ஜோடி விழுந்தால், ஃப்ளாப் எனப்படும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள் திறக்கும் முன் எப்படி ஆடுவது என்பதுதான் இன்றைய பேச்சு. நான் சொல்வது நோ-லிமிட் ஹோல்டெம் ஆட்டத்துக்கு: கையில் இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து பொதுச் சீட்டு, பந்தயத்துக்கு உச்ச வரம்பு இல்லை. இந்தியாவில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-ல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருப்பதால், சில்லுக் கணக்கிலேயே பேசுகிறேன்.

பெரிய ஜோடி என்று பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் ஆகிய ஐந்தையும் எடுத்துக்கொள்வோம். இரண்டு சீட்டுக் கை மொத்தம் 1,326 விதமாக வரலாம். அதில் ஒவ்வொரு ஜோடிக்கும் ஆறு. ஐந்து ஜோடிக்கு 30. சராசரியாக 44 கைக்கு ஒரு தடவைதான் இவற்றில் ஒன்று கிடைக்கும். எதிராளியிடம் எந்தக் கை வேண்டுமானாலும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால், ஏஸ் ஜோடி 100-க்கு 85 தடவை ஜெயிக்கும். ராஜா 82, ராணி 80, ஜாக்கி 77-க்குச் சற்று மேல், பத்து 75.

இவ்வளவு பலமான கை வந்ததும் பலருக்குப் பந்தயத்தை ஏற்றாமல் பதுங்கத் தோன்றும். ஏற்றினால் எதிராளி அந்தக் கையை விட்டுக்கொடுத்துச் சீட்டைப் போட்டுவிடுவாரே என்ற பயம். என் கணிப்பில், பெரிய ஜோடியின் லாபத்தை இந்தப் பதுங்கலைப் போல வேறெதுவும் கரைப்பதில்லை.

கணக்குப் பாருங்கள். சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகப் போடும் பந்தயம் பிளைண்ட். பெரிய பிளைண்ட் ஓர் அலகு. இருவரிடமும் நூறு அலகு. பட்டன், அதாவது டீலர் அடையாளம், வைத்திருப்பவர்தான் சிறிய பிளைண்டாக அரை அலகு போடுகிறார். ஃப்ளாப்புக்கு முன் முதலில் பேச வேண்டியவரும் அவரே. அதற்குப் பின் எல்லாச் சுற்றிலும் கடைசியாகப் பேசுவார். பட்டனில் ஏஸ் ஜோடியோடு ஒன்றுக்கு ஒன்று என்று கால் மட்டும் செய்தால், அதாவது ஏற்றாமல் எதிராளிக்குச் சமமாகப் போட்டால், பாட் எனப்படும் நடுவில் சேரும் மொத்தச் சில்லு இரண்டு அலகு. அடுத்த மூன்று சுற்றிலும் பாட்டில் மூன்றில் இரண்டு பங்கு பந்தயம் கட்டி, எதிராளி எல்லாவற்றையும் கால் செய்தாலும், அவரிடமிருந்து வருவது 13 அலகுக்கும் குறைவு. இரண்டரைக்கு ஏற்றி ஆரம்பித்தால் அதே பந்தயங்கள் 32 அலகு வரை கொண்டுவரும். எதிராளி அந்த இரண்டரையைப் பத்துக்கு ஏற்றி, நீங்கள் கால் செய்தால் பாட் இருபது. அதே விகிதத்தில் ஃப்ளாப்பில் 13, டர்ன் எனப்படும் நான்காவது பொதுச் சீட்டில் 31 போய்விட்டால், ரிவர் எனப்படும் ஐந்தாவது சீட்டில் மிஞ்சும் சில்லு பாட்டில் பாதிகூட இருக்காது. முழு நூறும் சுலபமாக உள்ளே போய்விடும். கடைசியில் பெரிய பாட் வேண்டுமானால் அதற்கான அடித்தளத்தை ஃப்ளாப்புக்கு முன்பே போட்டாக வேண்டும்.

ஏற்றும் அளவு எப்போதும் ஒன்றாக இருக்கட்டும். மற்றக் கைகளுக்கு இரண்டரை என்றால் ஏஸ் ஜோடிக்கும் இரண்டரையேதான். பெரிய ஜோடிக்கு மட்டும் நான்கு என்று வைப்பவரின் கையை, கவனமான எதிராளி அரை மணி நேரத்தில் படித்துவிடுவார்.

பெரிய பிளைண்டில் இருக்கும்போது, பட்டன்காரர் இரண்டரைக்கு ஏற்றினால் இந்த ஐந்து ஜோடியோடும் பத்து அல்லது பதினொன்றுக்குத் திருப்பி ஏற்றுங்கள். ஃப்ளாப்புக்குப் பின் முதலில் பேச வேண்டிய இடம் உங்களுடையது. அதனால்தான் இந்த நான்கு மடங்கு. ஹெட்ஸ்-அப்பில் பட்டன்காரர் பெரும்பாலான கைகளோடு ஏற்றுவார், அதனால் கால் செய்ய அவரிடம் பலவீனமான கைகள் நிறைய இருக்கும். ஆனால் பெரிய ஜோடியோடு மட்டும் திருப்பி ஏற்றினால் அவர் சீட்டைப் போட்டுவிட்டுப் போவார். ஒரே இனத்து ஏஸ்-ஐந்து போன்ற கைகளையும் இடையிடையே அதே அளவில் ஏற்ற வேண்டும். உங்களிடம் ஓர் ஏஸ் இருந்தால், எதிராளிக்கு ஏஸ் ஜோடி வரும் வழிகள் ஆறிலிருந்து மூன்றாகக் குறைந்துவிடும் என்பது கூடுதல் வசதி.

இப்போது நீங்கள் பட்டன். எதிராளி பத்துக்குத் திருப்பி ஏற்றிவிட்டார். மறுபடி ஏற்றுவதானால் 22 முதல் 24 அலகு போதும். பதுங்குவதற்கு நியாயமான இடம் உண்டென்றால் அது இதுதான்: பாட் ஏற்கெனவே பெரிது, கடைசியாகப் பேசும் வாய்ப்பும் உங்களுடையது. கனடாவின் ஆல்பெர்டா பல்கலைக்கழகத்தில் உருவான செஃபியஸ் என்ற நிரல், இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெமை ஏறக்குறைய முழுமையாகத் தீர்த்தது; அந்த முடிவு 2015-ல் சயின்ஸ் இதழில் வெளியானது. டீலர் இடத்தில் இருக்கும்போது அது ஏஸ் ஜோடியை வைத்துக்கொண்டுகூட முதல் சுற்றில் அனுமதிக்கப்படும் கடைசி ஏற்றத்தை அநேகமாகச் செய்வதே இல்லை, கால் செய்துவிடுகிறது. லிமிட்டில் ஏற்றும் அளவு நிலையானது, அதனால் அப்படியே நகலெடுக்க முடியாது. ஆனாலும் பதுங்கினால் ஏஸ் ஜோடியோடு பதுங்குங்கள், ஜாக்கியோடு வேண்டாம். ஜாக்கி ஜோடி வைத்திருக்கும்போது ஃப்ளாப்பில் அதைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது விழும் வாய்ப்பு 57 சதவீதம். ராணிக்கு 41, ராஜாவுக்கு 23.

அடுத்தது பயந்து சீட்டைப் போடுவது. ராஜா ஜோடி கையில் இருக்க, எதிராளியிடம் ஏஸ் ஜோடி இருக்கும் வாய்ப்பு 204-ல் ஒன்று. ஒன்பது பேர் மேசையில் யாரோ ஒருவரிடம் அது இருக்க 25-ல் ஒன்று. அந்த மேசையில் பழகிய பயத்தை இங்கே கொண்டுவந்து, நூறு அலகு ஆட்டத்தில் ராஜா ஜோடியைப் போடுவது பெரிய தவறு.

ராணி ஜோடிக்கும் ஒரு கணக்கு. நீங்கள் 24-க்கு ஏற்ற, எதிராளி நூறையும் தள்ளிவிட்டார். 76 கட்டினால் மொத்தப் பாட் 200. ஜெயிக்கும் வாய்ப்பு 38 சதவீதம் இருந்தால் போதும். அவர் ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ஏஸ்-ராஜா ஆகியவற்றோடு மட்டும் தள்ளுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். ஜோடிகள் 12 விதம். அவற்றோடு உங்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்புகூட இல்லை. ஏஸ்-ராஜா 16 விதம். அதில் 56 சதவீதம் உங்கள் பக்கம். சேர்த்தால் 40. இவ்வளவு இறுக்கமானவரிடமே கால் சரி; ஹெட்ஸ்-அப்பில் அநேகர் இதைவிடத் தாராளமாகத் தள்ளுவார்கள்.

சில்லு பதினைந்து அலகுக்குக் கீழே இறங்கிவிட்டால் இந்த நுணுக்கமெல்லாம் தேவையில்லை. எதிராளி இரண்டுக்கு ஏற்றினால் பத்து, ஜாக்கி மட்டுமல்ல, எட்டு ஜோடியோடும் ஆல்-இன் போகலாம், அதாவது முழுச் சில்லையும் தள்ளலாம். பட்டனில் ஏஸ் ஜோடி வந்தால் இரண்டுக்கு ஏற்றி, அவர் தள்ளுவதற்கு இடம் விடுங்கள். ஆனால் வேறு சில கைகளோடும் அதே இரண்டுக்கு ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும்.